ஒரு மரத்துக்கு நான்கு பெயர்: குறிச்சொல்லும் வரையறுத்த சொற்பட்டியலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இப்போது ஒரு குழப்பம் பரவலாகத் தென்படுகிறது. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் இடிபட்டு, மக்கள் நகரத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிவந்த பிறகு, தகரப் பெட்டிகளில் கிடந்த பழைய நிழற்படங்களும் பள்ளி மலர்களும் சம்பளச் சீட்டுகளும் திறன்பேசியில் படம்பிடிக்கப்பட்டு முகநூலிலும் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஏற்றுவதில் சிரமம் இல்லை; ஆறு மாதம் கழித்துத் தேடும்போதுதான் அவை அகப்படுவதில்லை. படத்தைப் போட்டவர் போட்டதாகச் சொல்கிறார், தேடியவர் இல்லையென்கிறார், இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கிறது. ஒருவர் 'கித்தா' என்று குறித்ததை இன்னொருவர் 'ரப்பர்' என்று தேடியிருக்கிறார்.

இந்தச் சிக்கல் உலகெங்கும் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவதுதான். பொருள்களுக்குப் பெயரிடும் பொறுப்பைப் பயன்படுத்துவோரிடமே விட்டுவிடுவதா, முன்கூட்டி முடிவுசெய்த பட்டியலுக்குள் அவர்களை நிறுத்துவதா என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி. ஆனால் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் தோட்டப்புறத்தில் இக்கேள்வி மற்ற இடங்களைவிடக் கூர்மையாக எழுகிறது.

## முதலில் சில சொற்கள்

1. குறிச்சொல் என்பது ஒரு படத்துக்கோ கட்டுரைக்கோ பதிவேற்றுபவர் தம் விருப்பப்படி ஒட்டும் சொல். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. சமூக ஊடகங்களில் '#' அடையாளத்துடன் வரும் ஹேஷ்டேக் இதன் ஒரு வடிவம்.

2. வரையறுத்த சொற்பட்டியல் என்பது ஒரு பொருளைக் குறிக்க எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று முன்பே முடிவுசெய்து எழுதிவைத்த தொகுதி. நூலகங்களின் பொருள் தலைப்புப் பட்டியல் இவ்வகையைச் சேர்ந்தது.

3. ஏற்புச்சொல் என்பது அப்பட்டியலில் ஒரு பொருளுக்குத் தேர்ந்தெடுத்த சொல். அதே பொருளைச் சுட்டும் மற்றச் சொற்களைப் பட்டியல் தூக்கியெறிவதில்லை. அவை வழிகாட்டுச் சொற்கள் ஆகின்றன. அவற்றில் எதைக் கொண்டு தேடினாலும் ஏற்புச்சொல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மூன்றாவது வரையறையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். 'வரையறுத்த' என்பதைக் கேட்டவுடன் சொற்களைத் தடைசெய்யும் ஏற்பாடு என்று எண்ணுகிறார்கள். நல்ல பட்டியல் எதையும் தடைசெய்வதில்லை. இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் ஒன்றையே குறிக்கின்றன என்ற முடிவைப் பதிவுசெய்வதே அதன் வேலை.

## இருவர் ஒரே சொல்லைத் தேர்வதில்லை

குறிச்சொல் முறை பெருவழக்கானது 2003-இல் தொடங்கிய டெலிஷியஸ் என்னும் இணைப்புச் சேமிப்புத் தளத்தாலும் 2004-இல் வந்த ஃபிளிக்கர் படத் தளத்தாலும். அந்த ஆண்டிலேயே தாமஸ் வாண்டர் வால் இம்முறைக்கு 'ஃபோக்சானமி', அதாவது மக்கள் தாமே செய்துகொள்ளும் வகைப்பாடு, என்று பெயரிட்டார். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா ட்விட்டரில் '#' அடையாளத்தைப் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தார். மற்றது எல்லோருக்கும் தெரிந்ததே.

இம்முறையின் அடிப்படைக் குறை அது பிறப்பதற்கு முன்பே அளந்து காட்டப்பட்டிருந்தது. 1987-இல் ஜார்ஜ் ஃபர்னாஸும் உடன்பணியாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளுக்குப் பெயர் சொல்லுமாறு கேட்கப்பட்ட இருவர் அதே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று தெரியவந்தது. அதாவது, நமக்கு இயல்பாகத் தோன்றும் சொல் மற்றவருக்கும் தோன்றும் என்று நம்பித் தேடினால், ஐந்தில் நான்கு முறை ஏமாற்றமே மிஞ்சும்.

ஆனால் குறிச்சொல் முறைக்கு ஒரு வலுவும் உண்டு. ஸ்காட் கோல்டரும் பெர்னார்டோ ஹ்யூபர்மனும் டெலிஷியஸ் தளத்தை ஆராய்ந்தபோது, ஒரே பக்கத்தை ஏறத்தாழ நூறு பேர் குறித்த பிறகு, எந்தச் சொல் எத்தனை பங்கு என்னும் விகிதம் பெரும்பாலும் நிலைபெற்றுவிடுவதைக் கண்டார்கள். எவரும் கட்டளையிடாமலேயே கூட்டத்துக்குள் ஓர் இணக்கம் பிறந்துவிடுகிறது.

இக்கண்டுபிடிப்பை நம் ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறு என்பது என் கருத்து. கூட்டத்தின் அறிவு வேலைசெய்யக் கூட்டம் வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாப் படம் ஒன்றை நூறு பேர் தனித்தனியே குறிப்பதில்லை. போட்டவர் ஒருவர் மூன்று சொற்களை ஒட்டுவார், உறவினர் ஒருவர் கருத்துரையில் ஒரு பெயரைச் சேர்ப்பார், அத்துடன் அது முடிந்துவிடும். பெரிய தளங்களில் எண்ணிக்கையே சரிசெய்துகொள்ளும் பிழை, சிறிய ஊரின் தொகுப்பில் பிழையாகவே தங்கிவிடுகிறது.

## தோட்டப்புறத் தமிழில் சிக்கல் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது

1. ஒரு பொருள், பல சொற்கள். ரப்பர் மரத்தைப் பெரியவர்கள் 'கித்தா மரம்' என்பார்கள். மலாயின் 'கெத்தா'விலிருந்து வந்தது அச்சொல். 'பால்மரம்' என்பதும் அதுவே. பாடநூலில் 'இரப்பர்' என்று இகரம் முன்வந்து நிற்கும். நான்கும் ஒரே மரம். மரப்பால் வடியும் கிண்ணத்தை 'மங்கு' என்று குறிப்பவரும் 'கோப்பை' என்று குறிப்பவரும் ஒருவர் படத்தை மற்றவர் காணப்போவதில்லை.

2. ஒரு சொல், பல பொருள்கள். இது முதல் சிக்கலைவிடக் கடினமானது. 'தோட்டம்' என்று தேடினால் தமிழ்நாட்டு வாசகர் பதிவிட்ட வீட்டுத் தோட்டமும் மாடித் தோட்டமும் வந்து குவியும். மலேசியத் தமிழில் அது ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிர்நிலமும் அதற்குள் வாழ்ந்த ஒரு சமூகமும் ஆகும். 'மரம் வெட்டப் போனார்' என்றால் இங்கே பால் எடுக்கப் போனார் என்று பொருள். வேறிடத்தில் மரத்தையே சாய்க்கப் போனதாகக் கொள்வார்கள். 'கம்பம்' இங்கே கிராமம், அங்கே நட்ட கழி. 'ஸ்டோர்' என்பது பால் நிறுக்கும் இடம். புதியவர் மளிகைக் கடை என்று நினைத்துக்கொள்வார்.

ஆளும் இடமும் ஒரே பெயரில் கலப்பதும் உண்டு. 'துன் சம்பந்தன்' என்ற குறிச்சொல், 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின்) தலைவராக இருந்து, தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவரைக் குறிக்கலாம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள சாலையைக் குறிக்கலாம். மோனோரயில் நிலையத்தையும் குறிக்கலாம். தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தைப் பற்றிப் படிக்க விரும்பும் மாணவருக்கு ரயில் நேரம் வந்து சேருகிறது.

3. காலம் மாற்றிய பெயர்கள். தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. தோட்ட நிறுவனங்களின் கதை இன்னும் சுற்றலானது: 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி நிறுவனம் 1981-இல் மலேசியர் கைக்கு வந்தது, 2007-இல் கோல்டன் ஹோப்புடன் சேர்ந்து சைம் டார்பிக்குள் இணைந்தது, 2024-இல் அந்தத் தோட்டப் பிரிவே எஸ்டி கத்ரி என்று பெயர் மாறியது. ஒரே தோட்டத்தின் சம்பளச் சீட்டுகள் பல முதலாளிப் பெயர்களில் இருக்கும்போது, எந்தப் பெயரைக் குறிச்சொல்லாக இடுவது என்ற கேள்விக்குப் பதிவேற்றுபவரிடம் விடை இருக்க முடியாது. இவற்றுடன், தொழிலாளர் தமக்குள் வழங்கிய வாய்மொழிப் பெயர் தனியாக உண்டு. அது எந்த அலுவலக ஏட்டிலும் ஏறியதில்லை.

4. எழுத்தின் சிக்கல். 'தமிழ்ப்பள்ளி' என்று ஒற்று மிகுந்தும், 'தமிழ்பள்ளி' என்று மிகாமலும், 'தமிழ் பள்ளி' என்று பிரிந்தும் எழுதப்படுகிறது. ஹேஷ்டேக் இடைவெளியைத் தாண்டாது என்பதால் மூன்றாமவரின் குறிச்சொல் 'தமிழ்' என்பதோடு அறுந்துவிடும். வேற்றுமை ஏற்கும்போது 'தோட்டம்' என்பது 'தோட்டத்தில்' என்றாகி ஈற்று மகரத்தை இழக்கிறது; எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் தேடுபொறிக்கு அது வேறு சொல். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. யுனிகோடில் 'தோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று தரம் சொல்கிறது. ஆனால் ஒருமையாக்கும் படியைச் செய்யாத சிறிய தரவுத்தளத்தில், திரையில் ஒன்றுபோலவே தோன்றும் இரு 'தோட்டம்' ஒன்றையொன்று அறியாது.

## அவசரகாலம் என்றால் எது?

சுங்கை சிப்புட்டுக்கே உரிய எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். 1948 ஜூன் 16 அன்று இவ்வூரை அடுத்த தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை வரை அது நீடித்தது. இக்காலத்துப் படம் ஒன்றுக்கு 'அவசரகாலம்' என்று குறிச்சொல் இட்டால் என்ன நேரும்? 1969 மே மாத அவசரகாலத்தோடும், 2021 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை கோவிட் பெருந்தொற்றுக்காக அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தோடும், இந்தியாவின் 1975–77 நெருக்கடிநிலை பற்றிய தமிழ்க் கட்டுரைகளோடும் அது கலந்துவிடும்.

மறுதலையான சிக்கலும் சேர்ந்தே வருகிறது. அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் 'அவசரகாலம்' என்று சொன்னதைவிட 'கம்யூனிஸ்டு காலம்' என்று சொன்னதே மிகுதி. மலாயா கம்யூனிஸ்டுக் கட்சி அதே நிகழ்வைத் தேசிய விடுதலைப் போர் என்று அழைத்தது. ஆக, ஒரு சொல்லுக்குள் நான்கு நிகழ்வுகளும், ஒரு நிகழ்வுக்கு மூன்று சொற்களும் இருக்கின்றன.

வரையறுத்த பட்டியல் இதை இரண்டு கருவிகளால் தீர்க்கிறது. முதலாவது, பொருள்பிரிப்பு அடைமொழி: 'அவசரகாலம் (மலாயா, 1948–1960)'. இது புதுமையான உத்தி ஒன்றுமில்லை. இவ்வூரின் அஞ்சல் முகவரியில் 'சுங்கை சிப்புட் (உ)' என்று எழுதுகிறோமே, அந்த 'உத்தாரா'வும் (மலாயில் வடக்கு) இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டாவது, வழிகாட்டுச் சொல்: 'கம்யூனிஸ்டு காலம்' என்று தேடும் பேரனையும் 'விடுதலைப் போர்' என்று தேடும் ஆய்வாளரையும் அதே பதிவுக்கு அழைத்துவருவது.

## நிகண்டிலிருந்து நூலகம் வரை

இந்தக் கருவிகள் தமிழுக்கு அந்நியமானவை அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். நமக்குக் கிடைக்கும் பழைய நிகண்டாகிய திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தது. முதல் பத்துத் தொகுதிகள் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பல பெயர்களை அடுக்குகின்றன. பதினோராம் தொகுதி ஒரு சொல் பல பொருள் தருவதைத் தொகுக்கிறது. பன்னிரண்டாவது, பல பொருள்களின் கூட்டத்துக்கு வழங்கும் தொகைப்பெயர்களைச் சொல்கிறது. ஒருபொருட் பன்மொழி, பலபொருள் ஒருமொழி, தொகையும் அதன் உறுப்பும் ஆகிய மூன்று உறவுகளே இன்றைய சொற்பட்டியல் நெறிமுறைகளுக்கும் அடித்தளம்.

நூலகத் துறையில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் பொருள் தலைப்புப் பட்டியலை 1898 முதல் வளர்த்து வருகிறது. மருத்துவத்துக்கு அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் தொடங்கிய மெஷ் பட்டியலும், வேளாண்மைக்கு ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு நடத்தும் அக்ரோவாக் என்னும் பன்மொழிப் பட்டியலும் உள்ளன.

இவற்றுள் நம் தேவைக்கு மிக நெருங்கியது சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதனின் சிந்தனை. 1933-இல் வெளியான அவருடைய கோலன் வகைப்பாடு, ஒவ்வொரு பொருளையும் ஒற்றைப் பெட்டிக்குள் அடைக்காமல், அதன் முகங்களைப் பிரித்துப் பின் இணைக்கிறது. முதன்மைப் பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம் என்பவை அவர் கண்ட ஐந்து முகங்கள். ஒரு தோட்டப் படத்துக்கு இது எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்று பாருங்கள்: பெண் தொழிலாளர், ரப்பர் பால், நிறுத்தல், இன்ன தோட்டத்து ஸ்டோர், 1950-கள். இந்த ஐந்தையும் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பினாலே, குறிச்சொற்கள் ஒன்றோடொன்று கலப்பதால் வரும் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

## பட்டியல் யார் கையில்?

வரையறுத்த பட்டியலின் குறையைப் பலர் செலவிலும் மெத்தனத்திலும் காண்கிறார்கள். அதைவிடப் பெரிய குறை அதிகாரத்தில் இருக்கிறது. பிறரை என்ன பெயரால் அழைப்பது என்று ஓர் அலுவலகம் முடிவுசெய்தால், அம்முடிவு ஆயிரம் நூலகங்களில் அப்படியே நகலாகிறது. காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலில் ஆவணமில்லாக் குடியேறிகளைச் 'சட்டவிரோத அந்நியர்' என்று சொல்லும் தலைப்பு இருந்தது. 2014-இல் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் அதை மாற்றக் கோரினார்கள். 2016-இல் நூலகம் இசைந்தும் அரசியல் எதிர்ப்பால் பணி நின்றது. 2021 நவம்பரில்தான் 'குடிமக்கள் அல்லாதோர்', 'சட்டவிரோதக் குடியேற்றம்' என்னும் இரு தலைப்புகள் அதன் இடத்தில் வந்தன. ஒரு சொல்லை மாற்ற ஏழு ஆண்டுகள் பிடித்தன.

நமக்கு இதே இடத்தில் வலிப்பது 'கூலி' என்ற சொல். காலனி ஆட்சிக்கால ஆவணங்களில் நம் முன்னோர் இந்தச் சொல்லால்தான் எண்ணப்பட்டார்கள். அதை ஏற்புச்சொல்லாக வைப்பது அவர்களை இன்னொரு முறை இழிவுபடுத்துவதாகும். ஆனால் பட்டியலிலிருந்து முற்றாக நீக்கிவிட்டால், அந்த ஆவணங்களுக்குள் தம் குடும்பத்தைத் தேடும் ஒருவருக்குக் கதவு அடைபடும். 'தோட்டத் தொழிலாளர்' என்பதை ஏற்புச்சொல்லாக்கி, 'கூலி'யை வழிகாட்டுச் சொல்லாக மட்டும் வைத்து, அச்சொல் எங்கிருந்து வருகிறது என்று குறிப்பெழுதுவதே முறை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

துல்லியமும் இங்கே மரியாதையின் ஒரு வடிவம். 1910-இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்ட ஒப்பந்த முறையும், 1938-இல் இந்திய அரசின் தடையால் முடிவுக்கு வந்த கங்காணி வழி ஆள்சேர்ப்பும் வெவ்வேறு ஏற்பாடுகள். பொதுவாக இடப்படும் குறிச்சொற்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. தலைப்பைப் பிரித்துவைத்தால்தான் தம் பாட்டனார் எந்த வழியில் கப்பலேறினார் என்று ஒருவர் கேட்கவே முடியும்.

## இரண்டையும் இணைத்தவர்கள்

2008 ஜனவரியில் காங்கிரஸ் நூலகம் சுமார் 3,100 பழைய படங்களை ஃபிளிக்கரில் பொதுமக்கள் முன் வைத்தது. பத்தே மாதங்களில் 67,000-க்கும் மேற்பட்ட குறிச்சொற்கள் சேர்ந்தன. அவற்றை நூலகம் தன் பொருள் தலைப்புகளுக்கு மாற்றாகக் கொள்ளவில்லை. மக்கள் தந்த செய்திகளைச் சரிபார்த்து, 500-க்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகளைத் திருத்தி மேம்படுத்தியது. படத்தில் இருப்பது எந்தத் தெரு, எந்த ஆள் என்பது அங்கே வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்.

இன்னும் நெருக்கமான முன்மாதிரி, கதை, திரைப்படம் முதலியவற்றின் இரசிகர்கள் அவற்றைத் தழுவி எழுதும் புனைவுகளைச் சேமிக்கும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்னும் தளம். அங்கே எழுதுபவர் தமக்குத் தோன்றிய குறிச்சொல்லை இடலாம். அதை எவரும் மாற்றி எழுதுவதில்லை. பின்னணியில் தன்னார்வலர்கள் ஒரே பொருளுடைய குறிச்சொற்களை ஒரு பொதுச்சொல்லோடு கட்டிவைக்கிறார்கள். இட்டவர் சொல் இட்டபடியே நிற்கிறது. தேடுபவருக்கு எல்லாம் ஒன்றாகக் கிடைக்கிறது.

## ஒரு தோட்டப்புற நகரம் இதைச் செய்வது எப்படி

ஊர் நூலகமோ, பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ, கோயில் நிர்வாகமோ தொடங்கக்கூடிய வேலை இது. வரிசை முக்கியம்.

1. மக்கள் இட்ட சொற்களை முதலில் அப்படியே திரட்ட வேண்டும். திருத்தக் கூடாது. 'பெரட்டு' என்று எழுதியிருந்தால் 'காலை வருகைப் பதிவு' என்று மாற்றிவிடக் கூடாது. சொன்னவர் எந்தத் தோட்டத்தவர் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

2. ஒவ்வொரு பொருளுக்கும் சொல் அல்லாத ஓர் எண் தர வேண்டும். ஏற்புச்சொல் நாளை மாறலாம். எண் மாறாதிருந்தால் பழைய இணைப்புகள் அறுபடா.

3. தோட்டப் பெயர்களை முதலில் முடிக்க வேண்டும். நிறுவனப் பெயர், மலாய்ப் பெயர், தொழிலாளர் வழங்கிய பெயர் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணின்கீழ், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற குறிப்போடு பதிய வேண்டும். மற்றச் சொற்களை அகராதியிலிருந்து பின்னர் மீட்டுக்கொள்ளலாம். வாய்மொழிப் பெயரை அதை வழங்கியவரிடமிருந்து மட்டுமே பெற முடியும்.

4. பட்டியலைத் தளத்துக்கு வெளியே, சாதாரண அட்டவணைக் கோப்பாக வைத்திருக்க வேண்டும். குறிச்சொல் முறையைப் பரப்பிய டெலிஷியஸ் தளமே 2017-இல் விற்கப்பட்டுப் புதிய பதிவுகளை ஏற்பதை நிறுத்திவிட்டது. ஐஎஸ்ஓ 25964, ஸ்கோஸ் போன்ற தரங்கள் இத்தகைய பட்டியலை வேறு அமைப்புகளுக்கு மாற்ற வழிசெய்கின்றன.

ஒரு பதிவு இவ்வாறு அமையலாம்:

ஏற்புச்சொல்: ரப்பர் மரம்
வழிகாட்டுச் சொற்கள்: கித்தா மரம், பால்மரம், இரப்பர் மரம்
அகன்ற பொருள்: தோட்டப் பயிர்கள்
தொடர்புடையவை: மரம் வெட்டு (பால் எடுத்தல்), மங்கு, உளி, ஸ்டோர் (பால் நிறுக்கும் இடம்)
குறிப்பு: 'பால்மரம்' என்பது ஆல், அத்தி முதலிய பால் வடியும் பிற மரங்களையும் பொதுவாகக் குறிக்கும், தோட்டப்புறப் பதிவுகளில் ரப்பர் மரத்தையே குறிக்கும். 'கித்தா' என்ற வழக்கை எந்தத் தோட்டத்தவர், எந்த ஆண்டில் சொல்லக் கேட்டது என்பதைப் படத்தின் பதிவில் எழுதுக.